மனைவி பேரில் எஃப்டி போட்டால் வரி மிச்சமா?

புதுமாப்பிள்ளை:
தை மாதம் கல்யாணம் முடிந்தது. மனைவி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார், அவருக்கு இப்போது வருமானம் இல்லை. எனக்கு 30 சதவீத வரி. 10 லட்சத்தை அவர் பேரில் எஃப்டி போட்டு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற படிவத்தை பேங்கில் கொடுத்துவிட்டால் வட்டிக்கு வரியே வராது என்று ஆபீஸில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? மொய்ப் பணம் 4 லட்சம் வேறு பீரோவில் கிடக்கிறது, அதற்கும் வரி உண்டா?

காவிரிக்கரை:
அந்த ஆபீஸ்காரர் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. மனைவிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்கு வரி இல்லை, ஆனால் அந்தப் பணத்தில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். ஆடிட்டர்கள் கிளப்பிங் என்பார்கள், 2026 மார்ச் வரை இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 64-வது பிரிவு. 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 70,000 வட்டி, வரியின் மேல் போடும் செஸ்ஸோடு 21,840 ரூபாய் வரி, கட்டப்போவது நீங்கள்தான். அந்தப் படிவத்தைக் கொடுத்தால் பேங்க் வட்டியில் முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடிக்காது, அவ்வளவுதான். அந்த 70,000-ஐ அவர் மறுபடி போட்டு அதில் வட்டி வந்தால் அது மட்டும் அவர் கணக்கு.

மொய்நோட்டு:
மொய்க்கு வரி கிடையாது, யார் எழுதியிருந்தாலும் சரி. ஆனால் அது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்ததாக இருக்க வேண்டும். நாங்கள் அத்தனையையும் அப்பா கணக்கில் கட்டிவிட்டு, அப்புறம் நோட்டீஸ் வந்து, சந்தனம் ஒட்டிய மொய் நோட்டைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைந்தோம். பெண் வீட்டு மொய்யை உங்கள் மனைவி கணக்கிலேயே போடுங்கள். அது அவர் பணம், வட்டியும் அவருடையது, கிளப்பிங் பேச்சே இல்லை.

ஒற்றைச்சம்பளம்:
மனைவி பேரில் பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) தொடங்குங்கள். வருடம் ஒன்றரை லட்சம் வரை போடலாம், வட்டிக்கே வரி இல்லாததால் யாரோடு சேர்ந்தாலும் கவலையில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. 2025-26-இல் புதிய வரி முறையில் இரண்டு பேர் தலா 12 லட்சம் சம்பாதித்தால் வீட்டுக்கு வரி பூஜ்யம், அதே 24 லட்சத்தை நான் ஒருத்தனே சம்பாதித்தால் 3,12,000, கழிவெல்லாம் போன பிறகு சொல்கிறேன். குடும்பம் என்று ஒன்று இருப்பதே இந்தச் சட்டத்துக்கு வட்டியைச் சேர்க்கும்போதுதான் ஞாபகம் வருகிறது.

புதுமாப்பிள்ளை:
நன்றி சார். பெண் வீட்டு மொய் 1,80,000 இருக்குமாம், நோட்டைப் பார்த்து இப்போதுதான் கூட்டினோம். திங்கட்கிழமை அவர் கணக்கில் கட்டுகிறோம்.