ரெண்டு வாண்டுகளோட அந்தமான்: நீல் தீவா, ஹேவ்லாக்கா?

அக்கா, அண்ணன்மார்களே, போய் வந்தவங்க சொல்லுங்க. பிப்ரவரியில் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பறோம். பையனுக்கு 4 வயசு, பாப்பாவுக்கு ஒன்றரை.

பெங்களூரு ஏர்போர்ட் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கு. அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசலுக்குப் பயந்து ராத்திரியே கிளம்பிடுவோம். அதுல குழப்பமில்லை, கடற்கரையில்தான்.

நீல் தீவு பரத்பூரில் ஆழம் குறைவு, அலையும் அடங்கியிருக்கும். ஆனா கடல் வற்றும்போது செத்த பவளப்பாறை மேலே தெரியும், வெறுங்காலைக் கிழிச்சிடும். ஹேவ்லாக் ராதாநகரில் மணல் மாவு மாதிரி. திறந்த கடல்ங்கிறதால அலை பாப்பாவைப் புரட்டிடும். எதுல மூணு ராத்திரி தங்கலாம்?

மூட்டையில் முழுக்கை நீச்சல் சட்டை, ரப்பர் அடி ஷூ, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். அதை 2 மணிக்கொரு தரமும், தண்ணியிலிருந்து ஏறினதும் தடவணும். காத்து ஊதுற கைவளையம் வேண்டாம், கையிலிருந்து நழுவிடும். ஓஆர்எஸ்ஸும் இருக்கு, ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணியில்தான் கரைக்கணும், டம்ளர்ல கலந்தா உப்பு ஏறி ஆபத்து.

கேள்விகள்: ஃபெர்ரியில் பாப்பா வாந்தி எடுக்காம இருக்க நடு சீட், கீழ்த்தளம் கேட்டா தருவாங்களா? மணல் ஈக்கடிக்கு, முழு பேண்ட்டைத் தவிர, எது கேட்டுச்சு? ராகிக் கூழ் காய்ச்ச ஓட்டல் சமையல்கட்டில் விடுவாங்களா? மாவு நாங்களே கொண்டு வர்றோம்.

அப்புறம், பையன் பவளத் துண்டு பொறுக்கிப் பையில் போடுவான். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட் ஸ்கேனில் மாட்டும். அழாம பிடுங்க வழி இருக்கா?