1, 2, 4... அடுத்த எண் எது?

செம்பூர்வாசி:
மகளின் ஆறாம் வகுப்பு என்சிஇஆர்டி கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே பட்டர்ன், அதாவது எண்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பது. அதையொட்டி என் வீட்டில் நடந்தது இது. பயிற்சித்தாளில் 1, 2, 4 என்று மட்டும் கொடுத்து அடுத்த எண்ணைக் கேட்டிருந்தார்கள்; மகள் 7 என்று எழுதியிருந்தாள். தாதரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த அலுப்பில், இரட்டிப்பது கூடவா தெரியவில்லை என்று கடிந்துகொண்டு, நானே ரப்பரால் அழித்து 8 என்று எழுதினேன். அவள் மறுத்துப் பேசவில்லை. இரவு தட்டில் ஊத்தப்பம் விழுந்ததும், கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி கரண்டி விளிம்பால் மூன்று முறை நேராக வெட்டினாள். வெட்டுமுன் 1, ஒரு வெட்டுக்கு 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 7 என்று சொல்லியபடி துண்டுகளை என் பக்கம் தள்ளினாள். நடுவிலிருந்த சிறு முக்கோணத்தைக் கடைசியாகத் தள்ளினாள்.

முலுண்ட் மருமகள்:
எங்களைப் படுத்தியது 1, 7, 19, 37. வித்தியாசம் 6, 12, 18 என ஏறுகிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் ஆறாறாக ஏற வேண்டும் என்று மகன் கேட்டபோது விழித்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமியார் சாக்பீஸுடன் வராந்தாவுக்குப் போய், ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நாலு என்று முணுமுணுத்தபடி 4, 5, 6, 7, 6, 5, 4 என வரிசைகளை வைத்தார், எண்ணினால் 37. நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதற்கும் வெளியே பதினெட்டு என்று மகன் வளையங்களாக இணைத்தான். வளையத்துக்கு ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுகிறது, அவ்வளவுதான். இதே கோலத்தை எத்தனையோ மார்கழிகளில் நானும் போட்டிருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

டோம்பிவிலி தாத்தா:
செம்பூர்க்காரர் தம்மையே நொந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. மூன்றே எண்களைக் கொடுத்து ஒரே விடையை எதிர்பார்த்த கேள்விதான் தவறு. என் பேரன் 1, 2, 4, 8, 16 என்பதற்கு அடுத்து 32 என்று எழுதியதை மெச்சினேன். பிறகு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடிட்டு இணைத்து, வட்டம் எத்தனை பகுதிகளாகிறது என்று எண்ணினோம். ஐந்து புள்ளி வரை இரட்டித்த எண்ணிக்கை, ஆறாவது புள்ளியில் 31 என்று நின்றது. நான்கு முறை எண்ணிவிட்டேன்.
பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அடுத்த எண்ணை முதலில் கேட்காதீர்கள். விதியைக் குழந்தை தன் வாயால் சொல்லட்டும். எண்களுக்கு அடியில் வித்தியாசங்களை எழுதச் செய்யுங்கள். அவை சமமாக இல்லாவிட்டால் அந்த வித்தியாசங்களுக்கும் வித்தியாசம் காணலாம். அதுவும் பிடிபடவில்லையென்றால் பெருக்கலைப் பாருங்கள். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறதா என்றும் பாருங்கள். 1, 2, 3, 5, 8 என்னும் விரகாங்கர் எண்கள் (ஃபிபோனாச்சி எண்கள் என்றும் சொல்வார்கள்) அவ்வாறு பிறப்பவையே. மேலும், கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். ரப்பரைப் பெரியவர்கள் தொடவே கூடாது.

செம்பூர்வாசி:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. நோட்டு நேற்றுத் திரும்பி வந்தது. நான் எழுதிய 8க்கு மிஸ் சரி போட்டிருக்கிறார். அதன் அருகே, மகள் எப்போது எழுதினாளோ, பென்சிலால் மிகச் சிறியதாக ஒரு 7 இருக்கிறது. அதற்குச் சரியும் இல்லை, தவறும் இல்லை.