வாரண்டி முடிஞ்ச டீசல் வண்டி: கம்பெனி சர்வீசா, வெளி மெக்கானிக்கா?

வேளச்சேரி வண்டி:
வணக்கம். 2020 கடைசியில வாங்குன பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) டீசல் கார், 68,000 கிமீ ஓடிருக்கு, எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போன மாசம் முடிஞ்சுது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் 21,300. ஆயில், ஃபில்டருங்க, பிரேக் ஆயில், அலைன்மெண்ட் எல்லாம் சரி, அதோட இன்ஜின் டீகார்ப் (உள்ள படிஞ்ச கரிய எடுக்கறது), ஏசி கிளீனிங், இன்டீரியர் பாலிஷ்னு 7,000 சேத்துருக்காங்க. தெருமுனை மெக்கானிக் அண்ணன் முக்கியமான வேலை மட்டும் 11,000க்கு முடிச்சு தரேங்கறார். எங்க விடலாம்?

பாடி பையன்:
யோசிக்காம வெளிய விடுங்க ப்ரோ. நான் 14 வருஷமா ஸ்பேர் லைன்ல இருக்கேன். கார் கம்பெனி எல்லா பார்ட்ஸையும் தானே செய்யறதில்ல, எங்க சென்னை பாடி ஏரியாவுல இருக்கற லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா மாதிரி ஆளுங்க செஞ்சு குடுக்கறாங்க, அவங்க பிராண்டு பொருள் ஜிபி ரோடு ஸ்பேர் கடையிலயும் கிடைக்குது. 2014 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சே, எதுக்கு? ஸ்பேரும் டயக்னாஸ்டிக் டூலும் வெளி மெக்கானிக் கைக்கு போகாம தடுத்தாங்கன்னு தான்.

முன்னாள் அட்வைசர்:
தம்பி, அந்த ஆர்டர் அப்பீல், கோர்ட்டுனு போச்சு, அதையும் சேத்து சொல்லணும். நான் 9 வருஷம் சர்வீஸ் அட்வைசரா இருந்தவன். பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு சைலன்சர் லைன்ல ஒரு புகை வடிகட்டி இருக்கு. புகைக்கரிய அது தானே எரிச்சுக்கும், ஆனா தப்பான ஆயில் ஊத்துனா வர்ற சாம்பல் எரியாது, உள்ளயே தங்கி அடைச்சுக்கும். அதனால தான் லோ ஆஷ் ஆயில் கேக்கறாங்க. தெருமுனையில எத்தன பேருக்கு இது தெரியும்? மிச்சம் புடிக்கற காசு ஒரு டிபிஎஃப்ல போயிடும் சார்.

பாடி பையன்:
கிரேடு கேன் மேலயே போட்டிருக்கு அண்ணா, மேனுவல்லயும் இருக்கு, நாமளே வாங்கிக் குடுத்துட்டா அந்த பயம் முடிஞ்சுது. டீகார்ப் பத்தி மட்டும் நேர்மையா சொல்லுங்க, உங்களுக்கு டார்கெட் இருந்துச்சா இல்லையா?

முன்னாள் அட்வைசர்:
இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அது எனக்கு புடிக்காம தான் வெளிய வந்தேன். ஆனா ஜாப் கார்டுல (வேலை லிஸ்ட் சீட்டு) வேணாம்னு அடிச்சு கையெழுத்து போட்டா யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த 7,000ஐ எடுத்துட்டா வித்தியாசம் 3,300 தான், அதையும் பாருங்க.

கோவை கார்க்காரன்:
3,300 இல்லைங்க, நம்பிக்கை தான் பிரச்சனை. நான் கம்பெனிக்கு விடறப்ப ஏர் ஃபில்டர் ஓரத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சு விட்டனுங்க. பில்லுல புது ஃபில்டர், வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா அதே புள்ளி. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் போகலைங்க. எங்கூர் மெக்கானிக் கழட்டுன பார்ட்ட கையில குடுத்துட்டுத்தான் காசே வாங்குவாருங்க.

மடிப்பாக்கம் அக்கா:
எனக்கு நேர் எதிர் அனுபவம். 2023 மிக்ஜாம் புயல்ல வண்டிக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. எங்க மெக்கானிக் நல்ல மனுஷன், உதவி பண்ணணும்னு தான் ஓடி வந்தார், ஆனா அவசரத்துல செல்ஃப் அடிச்சு பாத்துட்டார். இன்ஜினுக்குள்ள தண்ணி, கனெக்டிங் ராட் வளைஞ்சு போச்சு. தண்ணியோட ஸ்டார்ட் பண்ணதால வந்த டேமேஜ்னு இன்சூரன்ஸ்லயும் கை விரிச்சுட்டாங்க, பாலிசியோட தனியா சேக்கற இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் எங்ககிட்ட இல்ல. அதுலேந்து கம்பெனி தான், தப்பு நடந்தா கேக்க ஒரு பில்லாவது இருக்கும்.

பாடி பையன்:
அக்கா, கஷ்டமா இருக்கு. பில்லு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், வெளிய விட்டாலும் பில்லு போடற ஆளா பாத்து விடணும்.

வேளச்சேரி வண்டி:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு அண்ணன்ட்ட போய் டிபிஎஃப் பத்தி கேட்டேன். மேனுவல வாங்கி பக்கத்த தேடி ஆயில் கிரேடை அவரே படிச்சு காட்டினார். "என் ஸ்கேனர்ல எரர் படிக்கலாம், டிபிஎஃப்ல சேந்த கரிய எரிக்கற ரீஜென் ஏத்த முடியாது, டிபிஎஃப் லைட் எரிஞ்சா என்கிட்ட வராதீங்க, கம்பெனிக்கே போயிடுங்க"ன்னார். இந்த சர்வீஸ் அவர்ட்ட தான் விடப்போறேன், டீகார்ப் இல்லாம.

முன்னாள் அட்வைசர்:
சரி சார், அவர் அப்படி சொன்னார்னா விடுங்க. ஒண்ணு மட்டும், விடறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர் சொல்லி ரீகால் ஏதாவது பாக்கி இருக்கானு கம்பெனிக்கு போன் போட்டு கேட்டுடுங்க, ரீகால் வேலைய காசு வாங்காம செஞ்சு தருவாங்க. ஸ்பேர் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லேந்து 18% தான், அண்ணன் பில்லுல 28 இருந்தா கேளுங்க.