ஃபெராரி 250 ஜிடிஓ, சேசிஸ் 3413 ஜிடி: 1962 பாடியைத் திரும்ப மாட்டலாமா?

மலைப்பாதை:
2018 ஆகஸ்டில் மான்டரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போன ஃபெராரி 250 ஜிடிஓ பந்தயக் கார் 3413 ஜிடி (அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்ட எண்) இன்றைக்கு 1964 பாணி பாடியோடு நிற்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கார் பேர் வாங்கியது 1962-இல். பந்தய வீரர் எடோர்டோ லுவால்டி-கபார்டி அந்த ஆண்டு பத்துப் பந்தயத்தில் இறக்கி ஒன்பதை ஜெயித்தார், இத்தாலிய ஜிடி சாம்பியன் பட்டமும் அவருக்கே. சிசிலித் தீவின் சாலைப் பந்தயமான டார்கா ஃப்ளோரியோவில் 1963-இல் புல்கரி, கிரானா ஜோடி ஒட்டுமொத்தத்தில் 4-வது, தன் பிரிவில் முதல். எல்லாமே முதல் உருவத்தில் வந்த வெற்றி. அந்த உருவத்துக்கே திருப்புவதுதான் முறை.

பழைய_இரும்பு:
எதைத் திருப்புவீங்க? 1962 தகடு எங்கே இருக்கு? 1964-இல் ஃபெராரிக்கு பாடி செஞ்ச ஸ்கலியெட்டி பட்டறையிலேயே பாடியை மாத்தியாச்சு. முன்கண்ணாடி தாழ்ந்து அதிகம் சாய்ஞ்சது, கூரை குட்டையாச்சு, பின்பக்கம் ஃபெராரியின் இன்னொரு பந்தயக் காரான 250 எல்எம் சாடைக்கு வந்துடுச்சு. இப்போ நீங்க கேட்கிறது புது அலுமினியத்தில் இன்னொரு பாடி. இருக்கிறது ஸ்கலியெட்டி அடிச்சது, வரப்போறது இந்த நூற்றாண்டு டிங்கர் அடிச்சது. எதுங்க ஒரிஜினல்?

அப்புறம், இந்த பாடியும் சும்மா நிக்கலை. 1964 டார்கா ஃப்ளோரியோவில் ஃபெர்லைனோ, தரமாட்சோ இதே காரில் 5-வது, பிரிவில் முதல். 72 கிலோமீட்டர் சுற்று, பத்துத் தடவை. (ஃபெர்லைனோ யாருன்னு கேட்பவர்களுக்கு: பின்னாளில் மரடோனாவை நாப்போலிக்குக் கொண்டுவந்த அதே தலைவர்.)

மலைப்பாதை:
ஒரு வெற்றியைக் காட்டி ஒன்பதை மறைக்கிறீர்கள். 3 லிட்டர் ஜிடிஓ மொத்தம் 36. அதில் 1964 பாடி ஏழில்தான்: புதிதாகவே அப்படிச் செய்தது மூன்று, பழைய காரை மாற்றியது நான்கு. 3413 அந்த நான்கில் ஒன்று. மாற்றியது என்றாலே முதலில் வேறொன்று இருந்தது என்றுதானே அர்த்தம்?

பதிவேடு:
மாற்றியது யார் என்பதுதான் கேள்வி. பந்தயம் நடந்த காலத்திலேயே, முதலில் பாடி செய்த பட்டறையே, அடுத்த சீசனில் ஜெயிப்பதற்காக மாற்றினால் அது காரின் வரலாறு. 50 ஆண்டு கழித்து அழகுக்காக மாற்றினால் அது வெறும் வேலை.

இன்னொரு ஜிடிஓவான 3851 ஜிடியைப் பாருங்கள். 1962 செப்டம்பரில் ஜோ ஷ்லெஸர், ஆன்ரி ஓரேயே இருவரும் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தில் இரண்டாம் இடம். முதலிடம் யாருக்கு? அதற்கு முந்தைய மாடலான 250 ஜிடி குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி குறைந்த) காருக்கு! அடுத்த மாதமே பிரான்ஸின் மோன்ட்லேரி பந்தயத் தடத்தில் விபத்து, ஓரேயே இறந்தார். 1948 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கியவர். கார் இத்தாலிக்குத் திரும்பிச் சீராகி, பவுலோ கொலம்போ, எர்ன்ஸ்ட் ப்ரினோத் என்று கைமாறி, 1965-இல் ஃபப்ரிட்சியோ வியோலாத்தியிடம் வந்தது. 2010-இல் அவர் இறக்கும்வரை அவரிடமே. 2014-இல் ஏலத்தில் 3.81 கோடி டாலர். விபத்துக்கு முந்தைய தகடு முழுசாக இல்லை என்று யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லையே.

மலைப்பாதை:
ஆனால் விலை? 3851-க்கு 3.81, அடிபடாத 3413-க்கு 4.84. சந்தைக்கு வித்தியாசம் தெரிகிறது.

பதிவேடு:
நடுவில் நான்கு ஆண்டு இருக்கிறது. 2014 விலையை 2018 விலையோடு நேராக ஒப்பிட்டு விபத்துக்கு இவ்வளவு கழிவு என்று சொல்ல முடியாது. அதோடு 4.84 கோடி கொடுத்தவர் 1964 பாடியைப் பார்த்துத்தான் கொடுத்தார். உங்கள் வாதத்தை உங்கள் எண்ணே கவிழ்க்கிறது.

வெபர்38:
பாடியை விடுங்க, கீழே பாருங்க. 3413-இல் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூணும் அதனுடையதே. பந்தயக் காருக்கு இது அபூர்வம். ஏன்னா 2953 சிசி வி12, ஆறு வெபர் 38 டிசிஎன் கார்புரேட்டர், 7,500 ஆர்பிஎம்மில் சுமார் 300 குதிரைசக்தி. அப்படி ஓட்டினா பிளாக் வெடிக்கும், வேற இன்ஜின் ஏறும், கழட்டினது எங்கேயோ போகும்.

இதைச் சோதிக்கும்போது பலர் சறுக்கும் இடம் டிஃபரென்ஷியல், அதாவது பின் ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல்சக்கரக் கூட்டு. மலையேற்றத்துக்கு ஒரு பல் விகிதம், நீளமான நேர் ரோட்டுக்கு இன்னொண்ணு. அதனால அதுக்குள்ள இருக்கிற கிரவுன் வீல், பினியன்ங்கிற பல்சக்கரங்கள் மாத்துற சாமான். அதை வெச்சு ஆக்சில் ஒரிஜினலான்னு தீர்ப்பு சொல்லக்கூடாது. வெளிக் கூட்டில் பன்ச் பண்ணின எண்ணைத்தான் பார்க்கணும். இன்ஜினிலும் சேசிஸ் எண் மட்டும் பத்தாது, ஃபாக்டரியின் உள் எண்ணும் அவங்க பதிவோட ஒத்துப்போகணும். பன்ச் எழுத்து மட்டமான தளத்தில் இருக்கா, கிரைண்டர் ஓடின பள்ளத்தில் இருக்கான்னு சாய்வெளிச்சத்தில் பாருங்க. எண்ணைச் சுத்திச் சதுரமா வெல்டிங் கோடு தெரிஞ்சா, அந்தத் துண்டு வேற ஃபிரேமில் இருந்து வந்திருக்கலாம்.

மலைப்பாதை அண்ணே, பாடி மாத்தினா கீழே இருக்கிற ஃபிரேமுக்கும் ஆபத்து. கண்ணாடிச் சாய்வும் கூரை உயரமும் வேற, அதனால மேலே தாங்குற மெல்லிசுக் குழாய்களை அறுக்கணும். அலுமினியம் இரும்போட தொடுற இடத்தில் ஈரம் நின்னு அரிச்சிருக்கும். பிரிக்கும்போது தகடு ஓரம் கிழியும். கழட்டின பாடியைத் திரும்ப மாட்ட நினைச்சா அப்படியே உட்காராது.

மலைப்பாதை:
கழற்றிய பாடியைத் தாங்கியில் வைத்துப் பாதுகாத்தால் இழப்பு இல்லையே?

பழைய_இரும்பு:
அங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்குது. இன்னொரு ஃபெராரி, 375 பிளஸ், சேசிஸ் 0384 ஏஎம் கதை தெரியுமில்ல? ஒஹாயோவில் இருந்து 1980-களில் திருடு போன கார் பெல்ஜியத்தில் திரும்பக் கட்டப்பட்டுச்சு, சில பாகங்கள் ஒஹாயோவிலேயே தங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடி வருஷக்கணக்கா வழக்கு. 2014-இல் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து இங்கிலாந்தின் குட்வுட் ஏலத்தில் 1.07 கோடி பவுண்டுக்கு வித்தாங்க. வித்த பிறகும் வழக்கு ஓயலை. ஒரு எண்ணோட பாகங்களை ரெண்டு இடத்தில் வெச்சா, பேரன் காலத்தில் அந்தத் தனி பாடிக்குக் கீழே யாராவது ஒரு ஃபிரேமை மாட்டுவான். அப்போ ரெண்டு 3413 இருக்கும்.

மலைப்பாதை:
அது திருட்டு, இது ஒரே உரிமையாளர் கையில் இருக்கும் பொருள். ஒப்பீடு பொருந்தாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பாடி காரோடுதான் விற்கப்படும் என்று கட்டிவிடலாம். பழங்காருக்கான எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதியிலும் தடை இல்லை: 1962 முதல் 1965 வரை ஒரே காலப்பிரிவு.

பதிவேடு:
காலப்பிரிவு ஒன்றுதான், ஆனால் காருக்கு எஃப்ஐஏ தரும் பாஸ்போர்ட்டில் எழுதும் உருவம் ஒன்றே ஒன்று. 1962 பாடி மாட்டிய நாளிலிருந்து 1964 டார்கா படங்களை ஆதாரமாகக் காட்ட முடியாது. புல்கரி ஓட்டிய படத்தைக் காட்டினால், அந்தத் தகடு இதுவா என்று அடுத்த கேள்வி வரும். இப்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

மலைப்பாதை:
கேள்வி வரட்டும். லுவால்டி ஏறிய மலைப்பாதையில் அவர் பார்த்த முன்பக்கத்தோடு அந்தக் கார் ஏறுவதைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

வெபர்38:
அதுக்கு ஒரு நல்ல நகல் போதும் அண்ணே. 3413-ஐ அறுக்க வேண்டாம்.