பிரிண்ட் கொடுத்தாலே கணினி ரீஸ்டார்ட் ஆகுது: விண்டோஸை விட்டு மேக், லினக்ஸ்னு மாறிடலாமா?

பத்திரிகைக்கடை:

வணக்கம். சின்ன ஊர்ல டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் பொழப்பு. கணினி 2018-ல அசெம்பிள் பண்ணது: ஐ3 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, அதுக்கும் முந்தின 1 டிபி ஹார்டு டிஸ்க். இத்தனை வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதால, பொங்கல் கழிச்சு கடைக்கு வெள்ளையடிச்ச கையோட 11-க்கு மாத்தினேன். அந்த வாரத்துலேருந்து தொல்லை. நீலத் திரை எதுவும் வர்றதில்ல. பட்டுனு அணைஞ்சு தானா திரும்ப ஆன் ஆகுது. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, பெரும்பாலும் பிரிண்ட் கொடுக்குற நேரத்துல. நேத்து குலதெய்வம், தாய்மாமன், பெரியப்பா வகையறான்னு ஒரு பத்திரிகைக்கு அத்தனை பேரும் அடிச்சு முடிச்சேன். சேவ் பண்றதுக்குள்ள போயிடுச்சு. பொண்ணோட அப்பா எதிர்ல உட்கார்ந்து ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டிருந்தவர். மறுபடி முதல்லேருந்து சொல்லச் சொல்ல மனசு கூசுச்சு.

பிரிண்டர் டிரைவரை எடுத்துட்டு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். ஃபார்மட்டும் பண்ணியாச்சு. மச்சான் மேக் வாங்கச் சொல்றாரு, தம்பி லினக்ஸ் போடச் சொல்றான். தை முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. உண்மையிலேயே எது நம்பி வேலை பார்க்கக்கூடியது?

ஈயப்பற்று:

தம்பி, பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தகவல் வேணும். விண்டோஸ்ல நடக்குறதைப் பதிவு பண்ற ஈவன்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம் போங்க. கெர்னல்-பவர் 41-னு சிவப்புப் பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். “முறையா ஷட் டவுன் ஆகல”ங்கிறதைத் தவிர அது வேற எதுவும் சொல்லாது. டீடெயில்ஸ் பக்கத்துல பக்செக்கோட்னு ஒரு வரி வரும். அந்த எண் பூஜ்யமா, வேற ஏதாவதா? விண்டோஸ் விழுந்தா அதோட குறிப்பை எழுதி வைக்கிற மினிடம்ப்-னு ஒரு ஃபோல்டர் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருந்தா அதுல ஃபைல் ஏதும் இருக்கான்னும் சொல்லுங்க.

ஃபார்மட் பண்ணியும் போகலங்கிறதே எனக்குப் பெரிய சேதி, கோளாறு மென்பொருள்ல இல்லாம இருக்கலாம்.

மெய்யெழுத்து:

நான் பத்திரிகை வடிவமைப்புல இருக்கேன். 2012-லேருந்து மேக்தான். நல்ல மெஷின்னு மனசாரச் சொல்வேன். ஆனா உங்களுக்கு இப்ப வாங்கச் சொல்ல மாட்டேன்.

நீங்க பக்க வடிவமைப்புக்குப் பழைய பேஜ்மேக்கர்லதானே வேலை பார்க்குறீங்க? அதோட கடைசிப் பதிப்பு 7, 2001-ல வந்தது. மேக்குக்கு வந்த பேஜ்மேக்கர் பழைய மேக் ஓஎஸ்ஸுக்காக எழுதினது. 2006-ல இன்டெல் மேக் வந்தப்பவே அதுல ஓடுற வழி அடைஞ்சு போச்சு. 2019-ல வந்த கேட்டலினா 32-பிட் மென்பொருள் அத்தனையையும் நிறுத்திடுச்சு. பாமினி மாதிரி பழைய எழுத்துருல நீங்க வருஷக்கணக்கா சேர்த்த ஃபைலெல்லாம் அங்க திறக்க முடியாத பெட்டகம்தான். இருபது வருஷத்துப் பழைய ஃபைலைத் திறந்து தர்றது விண்டோஸோட பெரிய பலம். உங்க தொழிலுக்கு அதுவும் ஒரு நம்பகத்தன்மைதான்.

இன்னொண்ணு. என் மேக்புக் கரண்ட் போனா அசையாது. உள்ள பேட்டரி இருக்கு, எந்த லேப்டாப்பும் அப்படித்தான். உங்க மச்சான் பார்க்குறதும் லேப்டாப்பா இருந்தா, அதையும் உங்க டெஸ்க்டாப்பையும் எடை போடுறது நியாயமே இல்ல.

கட்டற்றவன்:

லினக்ஸ் பக்கத்துலேருந்து நான். பதினஞ்சு வருஷமா வீட்டுல, ஆபீஸ்ல அதுதான். நீங்க வேலை பார்க்குற நேரத்துல அதுவா ரீஸ்டார்ட் பண்ணாது, பழைய மெஷின்லயும் நல்லா ஓடும். ஆனா பேஜ்மேக்கரை வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட்டுறது) வழியா ஓட்டி, அதை நம்பி கல்யாண சீசன்ல உட்காராதீங்க. ஸ்கிரைபஸ்னு பக்க வடிவமைப்புக்கு ஒரு நல்ல மென்பொருள் இருக்கு. யூனிகோட் தமிழ்ல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைச் சொல்வேன்.

உங்களுக்கு லினக்ஸால உடனே ஆகுற உதவி வேற. மின்ட்னு ஒரு லினக்ஸ் வகை, அதோட ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவ்ல எழுதி, எதையும் இன்ஸ்டால் பண்ணாம, பென் டிரைவ்லேருந்தே பூட் பண்ணி ஒரு மணி நேரம் ஓட்டுங்க. அதுலயும் ரீஸ்டார்ட் ஆனா விண்டோஸ் 11 மேல பழி இல்ல.

பத்திரிகைக்கடை:

நன்றி அண்ணா எல்லாருக்கும். பக்செக்கோட் பூஜ்யம். 41 பதிவு இருபத்தாறு இருக்கு, எல்லாத்துலயும் பூஜ்யம்தான். மினிடம்ப் ஃபோல்டரே இல்ல.

ஆனா ஒரு கேள்வி. எல்லாரும் விண்டோஸுக்காகப் பேசுறீங்க. 2024-ல ஏர்போர்ட் எல்லாம் நீலத் திரையில நின்னுச்சே, மேக் நிக்கலையே?

மெய்யெழுத்து:

சரியான கேள்வி. 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளோட ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினியைப் படுக்க வெச்சது. மைக்ரோசாஃப்ட்டே சொன்ன கணக்கு இது. விண்டோஸ்ல அந்த மென்பொருள் கெர்னலுக்குள்ளேயே, அதாவது ஓஎஸ்ஸோட மையத்துலயே, உட்கார்ந்திருந்துச்சு. அங்க ஒருத்தன் சறுக்கினா மொத்த வீடும் விழும். ஆப்பிள் 2019-லேருந்தே இந்த மாதிரி மென்பொருளைக் கெர்னலுக்கு வெளியே தள்ள ஆரம்பிச்சது. இந்த ஒரு விஷயத்துல மேக்கோட அமைப்பு மேல்தான், மறுக்க மாட்டேன்.

பழைய கதையையும் சேர்த்துப் பாருங்க. 2001-க்கு முன்னாடி மேக்லயும் ஒரு புரோகிராம் விழுந்தா மெஷினே விழும், வெடிகுண்டுப் படம் போட்டு நிக்கும். விண்டோஸ் 98-ம் அதே நிலைமை. 2001 மார்ச்ல மேக் ஓஎஸ் டென் யூனிக்ஸ் அடித்தளத்தோட வந்தது. அந்த அக்டோபர்லயே எக்ஸ்பி மூலமா என்டி கெர்னல் வீட்டுக் கணினிக்கு வந்தது. ரெண்டுக்கும் அஸ்திவாரம் உறுதியானது அந்த வருஷம்தான். இன்னைக்கு ஒரு புரோகிராம் தொங்கினா அதை மட்டும் மூடிட்டு நாம வேலையைத் தொடர்றோமே, அதுக்குக் காரணம் அதுதான்.

ஈயப்பற்று:

பக்செக்கோட் பூஜ்யம்னா நீலத் திரையை எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கல. உறைஞ்சு நிக்காம பட்டுனு அணையுதுன்னும் சொல்றீங்க. எனக்கு மின்சாரம் மேலதான் சந்தேகம். உங்க லேசர் பிரிண்டரும் கணினியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயா இருக்கு?

பத்திரிகைக்கடை:

அண்ணா, வெள்ளையடிச்சப்பதான் மேஜையை இடம் மாத்தினோம்! அதுக்கு முன்னாடி பிரிண்டர் எதிர்ச்சுவத்துல தனி பிளக்ல இருந்துச்சு. இப்ப ஒரே பாக்ஸ். அந்த பாக்ஸும் இன்வெர்ட்டர் லைன்ல.

கட்டற்றவன் சொன்ன மாதிரி மின்ட் போட்டு ஓட்டினேன். முக்கால் மணி நேரம் ஒண்ணும் ஆகல. அப்புறம் பிரிண்டரோட யுஎஸ்பி கேபிளை உருவிட்டு, பிரிண்டரை ஆன் மட்டும் பண்ணேன். டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு, கணினி ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. மூணு தடவை செஞ்சேன், ரெண்டு தடவை ஆச்சு. கேபிளே இல்லாம! டிரைவரைப் போட்டுப் போட்டு ரெண்டு நாளைத் தொலைச்சிருக்கேன்.

ஈயப்பற்று:

நல்லா செஞ்சீங்க, இதுக்கு மேல சாட்சி வேணாம். லேசர் பிரிண்டர்ல டோனரைத் தாளோட உருக்கி ஒட்ட ஒரு சூடேத்தி இருக்கு. ஆன் பண்ணும்போதும், பிரிண்ட் கொடுத்ததும் அது கபக்குனு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணம் லைன்ல வோல்டேஜ் இறங்கும். கணினிக்கு மின்சாரத்தை மாத்திக் கொடுக்குற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். நல்லதுன்னா உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர்ல தேங்கின மின்சாரத்தை வெச்சு சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட்தான், அதனால அந்தத் தாங்குதல் முக்கால் சுற்றுக்கு வரும். இத்தனை வருஷம் சூட்டுல வெந்த கெபாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும், அதால தாங்க முடியாது.

செய்ய வேண்டியது: பிரிண்டரை இன்னைக்கே நேரடி இபி லைனுக்கு மாத்துங்க. யுபிஎஸ்லயோ இன்வெர்ட்டர்லயோ லேசர் பிரிண்டரை மாட்டவே கூடாது. இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு சுவிட்ச் இருந்தா யுபிஎஸ்ல வைங்க, மாறுற நேரம் குறையும். எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துங்க, கேபினட்டோட இலவசமா வர்றது வேணாம். பழைசை நீங்களா திறக்காதீங்க, பிளக்கை உருவின பிறகும் உள்ள ஆளை அடிக்கிற அளவு மின்சாரம் நிக்கும்.

ரேமையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்ங்கிற சோதனையில ஓட விடுங்க, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு ரெண்டு டிஸ்க்கையும் பாருங்க. இத்தனை தடவை பட்டு பட்டுனு அணைஞ்ச மெஷின், அதனால சொல்றேன்.

பத்திரிகைக்கடை:

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதுறேன். புது எஸ்எம்பிஎஸ் 2,600 ரூபாய். பிரிண்டர் பழைய சுவத்துக்கே போயிடுச்சு. அன்னைலேருந்து ஒரு ரீஸ்டார்ட் இல்ல, 41 பதிவும் புதுசா ஒண்ணும் ஏறல. விண்டோஸ் 11 அப்படியே ஓடுது. ரிலையபிலிட்டி மானிட்டர்னு தேடினா கணினியோட நம்பகத்தன்மைக்குப் பத்துக்கு இத்தனைன்னு ஒரு கோடு வருது இல்லையா, போன மாசம் 2-க்குக் கீழ கிடந்தது, தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டிருக்கு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் பிரிச்சுக் காட்டினாரு. ரெண்டு கெபாசிட்டர் தலை உப்பி, ஒண்ணோட அடியில பழுப்பா கசிஞ்சு ஒட்டிக் கிடந்தது.

அந்தப் பொண்ணோட அப்பா பத்திரிகையை வாங்கிட்டுப் போயிட்டாரு, பேர் எதுவும் விடுபடல.

மெம்டெஸ்ட் சுத்தம். எஸ்எஸ்டி நீலமா ‘குட்’னு காட்டுது. பழைய 1 டிபி டிஸ்க் மட்டும் மஞ்சளா ‘காஷன்’, சி5 வரியில 8-னு இருக்கு. பரவாயில்லதானே?

ஈயப்பற்று:

பரவாயில்லன்னு விடாதீங்க. சி5-ங்கிறது டிஸ்க் படிக்க முடியாம நிறுத்தி வெச்ச செக்டார், அதாவது டிஸ்க்கோட சின்னச் சின்னத் துண்டுகள், அதோட எண்ணிக்கை. அந்த டிஸ்க்ல இருக்குறதுக்கு வேற காப்பி இருக்கா?

பத்திரிகைக்கடை:

இல்ல அண்ணா. 2014-லேருந்து அடிச்ச பத்திரிகை எல்லாம் அதுலதான்.

ஈயப்பற்று:

அப்ப கடை ஷட்டரை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு வெளி டிஸ்க் வாங்கி மாட்டுங்க. முதல்ல ஃபைல், அப்புறம் எழுத்துரு ஃபோல்டர். ஸ்கேன், செக்டிஸ்க் எதுவும் இப்ப ஓட்டாதீங்க, காப்பி மட்டும். படிக்க முடியாத ஃபைலைத் தாண்டிப் போங்க, அதைப் பிறகு பார்த்துக்கலாம்.

பத்திரிகைக்கடை:

வாங்கிட்டேன். ஓடிக்கிட்டிருக்கு, 2019 வரைக்கும் வந்தாச்சு. இதுவரைக்கும் ரெண்டு ஃபைல்தான் தாண்டிச்சு.