25ஐத் தாண்டிய உடல்களெல்லாம் ஊசி உடல்கள்தானா?

கர்லாக்கட்டை:
ஆணழகன் போட்டிகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் ஒரு பயிற்சியாளரின் காணொளிப் பேட்டியை நேற்று முழுவதும் பார்த்தேன். அவர் பெயரை எழுதி அவருக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசி போடாமல் உடலைக் கட்டுபவர்கள் உழைக்கத் தெரியாதவர்கள் என்றும், தங்கள் சோம்பலை மறைக்க மேடையில் நிற்பவர்கள்மீது பழி போடுகிறார்கள் என்றும், ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக எடை தூக்கினால் யார் வேண்டுமானாலும் அந்த உடலை அடையலாம் என்றும் அவர் சொல்கிறார். அதற்குக் கீழே, பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத பையன்கள் ‘மாஸ்டர், நானும் வரட்டுமா’ என்று கேட்டிருப்பதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

உழைப்பால் மட்டும் எட்டக்கூடிய உடலுக்கு எல்லை உண்டு. ஹாரிசன் போப் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 157 ஆண் விளையாட்டு வீரர்களை அளந்தார்கள். அவர்களில் 83 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 74 பேர் எடுக்காதவர்கள். உடல் எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து, மிச்சத்தை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, உயரத்துக்கான சிறு திருத்தத்தையும் சேர்த்தால் வரும் எண்ணைத்தான் எஃப்.எஃப்.எம்.ஐ., அதாவது கொழுப்பற்ற உடல் எடைக் குறியீடு என்கிறோம். எடுக்காதவர்களின் எண் 25.0இல் நின்றுவிட்டது. எடுத்தவர்களில் பலர் அதை எளிதாகத் தாண்டினார்கள், சிலர் 30ஐயே தாண்டினார்கள். அந்தப் பயிற்சியாளர் அருகே நிறுத்தியிருந்த மாணவரின் உடலைப் பார்த்த எவருக்கும் அது 25ஐத் தாண்டிய உடல் என்பது விளங்கும். பிறகு எதற்கு இந்தப் பொய்?

மேடைமணி:
அந்தப் பேட்டியை நானும் பார்த்தேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதால்தான் உங்களுக்குச் சுடுகிறது. நீங்கள் தூக்கிப்பிடிக்கும் அதே ஆய்வில், 1939 முதல் 1959 வரை மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்ற 20 பேரின் கணக்கும் இருக்கிறது. ஸ்டீராய்டு புழக்கத்துக்கு முந்தைய காலம் என்று ஆய்வாளர்களே சொல்லும் அந்த 20 பேரின் சராசரி 25.4. சராசரியே 25ஐத் தாண்டுகிறது என்றால் அவர்களில் உயர்ந்தவர்கள் எங்கே இருந்திருப்பார்கள்? தமக்கு வேண்டிய வரியை மட்டும் படித்துவிட்டு மற்றவர்களைப் பொய்யர் என்பது நேர்மையா? 25 என்பது கல்வெட்டில் வெட்டிய எண் அன்று.

நான் பல ஆண்டுகள் மேடை ஏறியவன். போட்டிக்கு முந்தைய வாரங்களில் உப்பில்லாத கோழி நெஞ்சுக்கறியையும் முட்டை வெள்ளைக்கருவையும் தின்று, இரவில் பசியால் உறக்கம் வராமல் கிடந்து, மறுநாள் விடியலில் மீண்டும் ஜிம்முக்கு ஓடுகிறவனை ‘ஊசி உடல்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட உங்களுக்கு யார் உரிமை தந்தார்கள்?

தண்டால்தாசன்:
மனோகர் ஐச் என்ற வங்காளத்துப் பெருமகனை இங்கே யாரும் நினைக்கவில்லையே என்று வருந்துகிறேன். உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனவர், அங்கேயே உடற்பயிற்சி செய்து உடலைத் தேற்றினார். 1952இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்றார். 104 வயது வரை வாழ்ந்து 2016இல் மறைந்தார். அவருக்கு எந்த ஊசி இருந்தது, எந்தப் பொடி இருந்தது? இன்று ஊசியை எதிர்ப்பவர்களும் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பொடியையும் கிரியேட்டினையும் விழுங்கிவிட்டுத் தங்களை இயற்கை என்று அழைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

கர்லாக்கட்டை:
தண்டால்தாசன் ஐயா, ஐச் அவர்கள்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் கிரியேட்டினை ஊசியோடு சேர்த்துப் பேசாதீர்கள். நாம் உண்ணும் மீனிலும் இறைச்சியிலும் அது இருக்கிறது, நம் உடலே அதைத் தயாரிக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் அது இல்லை. இப்படிக் குழப்பினால் மேடைமணி போன்றவர்களுக்குத்தான் வசதி.

மேடைமணி அவர்களே, 25.4 என்ற எண்ணைக் கண்டுபிடித்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி. அந்த 20 பேரையும் யாரும் நேரில் அளக்கவில்லை, அது மதிப்பீடு. தவிர, அவர்கள் ஒரு பெரிய நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஒருவராகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பிறவியிலேயே அகன்ற எலும்பும் அரிய மரபும் வாய்த்த அத்தகையவர்களே 25ஐ ஒட்டி நிற்கிறார்கள் என்றால், நம் ஊர் ஜிம்மில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் 28ஐத் தொடும் பையன் எதைத் தொட்டிருப்பான்? நீங்கள் காட்டிய சான்று என் எல்லையைத்தான் உறுதிப்படுத்துகிறது.

உழைப்பு பற்றியும் பேசுவோம். பாசின் என்ற மருத்துவரின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில் 43 ஆண்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு 10 வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியாகச் செலுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களின் கொழுப்பற்ற எடை ஏறத்தாழ 3 கிலோ கூடியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா இருந்தவன் உழைத்தவனை முந்துகிறான். இதற்குப் பிறகும் எங்களைச் சோம்பேறி என்பவருக்கு வெட்கம் வேண்டும்.

மேடைமணி:
கொழுப்பற்ற எடை என்றால் தசை மட்டும் அன்று, நீரும் அதில் அடங்கும். ஊசி போட்டவன் உடலில் நீர் தங்கும் என்பதைப் படித்தவர் மறைக்கலாமா?

இன்னொன்று. 1939 முதல் 1959 வரை ஊசியே கிடையாது என்று யார் சொன்னது? டெஸ்டோஸ்டிரோன் 1935இலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டுவிட்டது. அதற்கான நோபல் பரிசு 1939இல் அறிவிக்கப்பட்டது. டயனாபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1958இல் வந்தது என்பதை வைத்துக்கொண்டு அதற்கு முந்தையவர்கள் எல்லோரும் தூய்மையானவர்கள் என்று கற்பனை செய்யாதீர்கள். உங்கள் பொற்காலமே ஐயத்துக்குரியது.

கர்லாக்கட்டை:
நன்றாகக் கவனியுங்கள் நண்பர்களே. முதலில், மிஸ்டர் அமெரிக்காக்கள் ஊசி இல்லாமலே 25ஐத் தாண்டினார்கள் என்றார். இப்போது அவர்களுக்கும் ஊசி கிடைத்திருக்கும் என்கிறார். முதலில் சொன்னது உண்மையென்றால் இப்போது சொல்வது பொய். இப்போது சொல்வது உண்மையென்றால் ஊசி இல்லாமல் 25ஐத் தாண்டியவர் என்று காட்ட அவரிடம் ஒருவர்கூட இல்லை. இரண்டில் எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நீர் பற்றிய உங்கள் சமாதானமும் நிற்காது. பாசின் குழுவினர் எடையை மட்டும் பார்க்கவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்துக் கைத்தசையையும் தொடைத்தசையையும் தனியாக அளந்தார்கள். அங்கும் பயிற்சியே செய்யாத ஊசிக்காரர்களுக்குத் தசை பெருத்திருந்தது.

மருந்துக்கடை:
நான் மருந்துக்கடை நடத்துபவன், எந்தப் பக்கமும் சாயாமல் ஒன்றைக் கேட்கிறேன். ஒருவர் எத்தனை ஆண்டுகள் ஊசியைத் தொடாமல் இருந்தால் அவரை இயற்கை வீரர் என்று ஏற்பீர்கள்? ஊக்கமருந்து எடுக்காதவர்களுக்கான ஆணழகன் போட்டிகளை நடத்தும் டபிள்யூ.என்.பி.எஃப். என்ற அமைப்பு 10 ஆண்டுகள் என்கிறது. ஆனால் 2013இல் வெளிவந்த ஆஸ்லோ ஆய்வில், எலிகளுக்கு 14 நாள் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தினார்கள். தசை பழைய அளவுக்குச் சுருங்கிய பிறகும், கூடுதலாகச் சேர்ந்த தசை உட்கருக்கள் மூன்று மாதங்களுக்குப் பின்னரும் அப்படியே இருந்தன. மீண்டும் பளு கொடுத்தபோது அந்த எலிகளின் தசை மற்றவற்றைவிட மிக விரைவாகப் பெருத்தது. எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கு முழுதும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்யாமல் 25 பற்றிச் சண்டையிட்டு என்ன பயன்?

இதைவிட எனக்குப் பெரிய கவலை இதயம். 2017இல் வெளிவந்த ஆய்வில் நீண்டகாலம் எடை தூக்கும் 140 ஆண்களை ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு எடுத்த 86 பேரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு சராசரியாக 52 விழுக்காடு, எடுக்காத 54 பேருக்கு 63 விழுக்காடு. என் கடைக்கு வரும் பையன்கள் கைப்பேசியில் மருந்துப் பெயரைக் காட்டி ‘இது இருக்கிறதா அண்ணா’ என்று கேட்கும்போது, மருத்துவர் சீட்டு எங்கே என்று கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மேடைமணி:
மருந்துக்கடைக்காரர் அறிவுரை சொல்ல வந்துவிட்டார். சீட்டு இல்லாமல் நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டுகள் இந்த நாட்டில் எங்கிருந்து கிடைக்கின்றன, ஆணழகன் மேடையிலிருந்தா? விற்பவர்கள் நல்லவர்கள், போட்டுக்கொள்பவன் மட்டும் குற்றவாளியா?

மருந்துக்கடை:
நான் விற்கவில்லை என்று சொன்ன பிறகும் என்னை விற்பவன் என்கிறீர்கள். அட்டவணை எச் மருந்துகளைச் சீட்டில்லாமல் கொடுப்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதே வேளையில், கால்நடை மருந்தும் முத்திரையில்லாத குப்பியும் கடை வழியாக வருவதில்லை. ஜிம்முக்குள்ளேயே, மாஸ்டர் கையாலேயே வருகின்றன. என் கேள்விக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

புதுப்பயில்வான்:
அண்ணன்மார்களே, என் உயரம் 175 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. எங்கள் ஜிம்மில் தோல்மடிப்பை அளக்கும் காலிப்பர் வைத்துப் பார்த்துக் கொழுப்பு 10 விழுக்காடு என்றார்கள். கணக்குப் போட்டால் எனக்குச் சரியாக 25.0 வருகிறது. ஊசியின் பக்கமே நான் போனதில்லை. இனிமேல் எனக்கு வளர்ச்சியே கிடையாதா?

கர்லாக்கட்டை:
தம்பி, உங்களை நான் ஐயப்படவில்லை. உங்கள் 10 விழுக்காட்டைத்தான் ஐயப்படுகிறேன். வயிற்றில் ஓரிடத்தில் மட்டும் தோலைக் கிள்ளிப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கொழுப்பு உண்மையில் 14 விழுக்காடாக இருந்தால், அதே 84 கிலோவுக்கு உங்கள் எண் 23.9தான். நான்கு விழுக்காட்டுப் பிழை ஒரு புள்ளிக்கு மேல் தூக்கிக்காட்டுகிறது. எக்ஸ்-கதிரால் உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஊசி போடாதவர் 25ஐத் தாண்டிவிட்டார் என்று வரும் கதைகளில் பெரும்பாலானவை இந்தக் காலிப்பரில் பிறந்தவைதான்.

மேடைமணி:
இப்போது உண்மை வெளியே வந்துவிட்டது. 25க்குக் கீழே இருந்தால் அளவு சரி, 25ஐத் தொட்டால் அளந்தவன் தவறு, தாண்டினால் ஊசி. எந்தச் சான்று வந்தாலும் தோற்காத எண் இது. இதை அறிவியல் என்று சொல்லிக்கொண்டு, கடுமையாக உழைத்த அந்தத் தம்பியின் மனத்தையும் உடைத்துவிட்டீர்கள். நான் சரியாகப் பயிற்சி கொடுத்தால் அவர் 26ஐத் தொடுவார்.

கர்லாக்கட்டை:
எதைக் கொடுத்து 26ஐத் தொடவைப்பீர்கள் என்பதைத்தான் எல்லோரும் அறிய விரும்புகிறோம்.

நான் இந்த விவாதத்தைத் தொடங்கியது வெறும் எண்ணுக்காக அன்று. ஒரு மாவட்டப் போட்டியில், மேடைமணி அவர்களும் நின்ற அதே எடைப்பிரிவில் நானும் நின்றேன். அங்கே எவரிடமும் சிறுநீர் மாதிரி எடுக்கவில்லை. எனக்கு அருகில் நின்றவரின் தோள் முழுவதும் கட்டிகட்டியாகப் பருக்கள் இருந்தன. மார்க்காம்பின் அடியில் சதைமுடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. மேடைக்கான டேன் சாயம் பூசியும் அது மறையவில்லை. இரண்டும் ஊசியின் பக்கவிளைவுகள். அவருக்குப் பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டில் அம்மா அவித்துக்கொடுத்த முட்டையையும் சுண்டலையும் தின்று மேடை ஏறிய எனக்கு, ‘இன்னும் கொஞ்சம் உழைத்துவிட்டு வா’ என்று நடுவர் ஒருவர் அறிவுரை சொன்னார். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். போட்டுக்கொள்பவர்கள் தனி மேடையில் போட்டியிடட்டும், போட்டுக்கொண்டோம் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அர்னால்ட் சுவார்சநேகரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டபோது உங்களுக்கு மட்டும் என்ன தயக்கம்? பச்சை ஈரலும் பழங்கால வாழ்க்கைமுறையும்தான் தன் உடலுக்குக் காரணம் என்று விற்ற சமூக ஊடகப் பிரபலம் லிவர் கிங், மின்னஞ்சல்கள் கசிந்த பிறகு 2022 டிசம்பரில்தான் உண்மையைச் சொன்னார். அதுவரை அவரை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மேடைமணி:
தோற்ற போட்டியின் புண்ணை இத்தனை காலம் ஆறவிடாமல் வைத்திருந்து, அதற்கு ஆய்வுக்கட்டுரையைக் கட்டுப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் கால்கள் மெலிந்திருந்தன. முதுகுக் காட்சியில் உங்களுக்கு அகலமே இல்லை. நடுவர் சொன்னது சரி. பருவைப் பார்த்தும் மார்பைப் பார்த்தும் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுகிறீர்களே, ஊசியே போடாத எத்தனையோ இளைஞர்களுக்கு இவ்விரண்டும் இருக்கின்றன.

தண்டால்தாசன்:
அந்தக் காலத்துப் பயில்வான்கள் கால் மெலிந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தார்கள். பொடியை நிறுத்திவிட்டுப் பஸ்கிக்குத் திரும்பினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கர்லாக்கட்டை:
ஐயா, பொடி பற்றிய உங்கள் வாதத்துக்கு முன்பே விடை சொல்லிவிட்டேன்.

மேடைமணி அவர்களே, என் கால்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். டபிள்யூ.என்.பி.எஃப். போட்டிகளில் சிறுநீர்ப் பரிசோதனையோடு பொய் கண்டறியும் பாலிகிராஃப் சோதனையும் உண்டு. நாம் இருவரும் அதற்கு உட்படலாமா?

மேடைமணி:
பாலிகிராஃப் சோதனையை ஒருவர்மீது கட்டாயமாகத் திணிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரியுமா? இதயம் படபடப்பதை வைத்து ஒருவனைப் பொய்யன் என்று சொல்லும் கருவியை நான் நம்பத் தயாராக இல்லை.

கர்லாக்கட்டை:
அந்தத் தீர்ப்பு வலுக்கட்டாயத்தைப் பற்றியது. விரும்பி உட்படுபவரை அது தடுக்கவில்லை. நான் விரும்பி வருகிறேன், நீங்கள் வரவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரி, பாலிகிராஃப் வேண்டாம். டெக்ஸா அறிக்கையை இங்கே வெளியிடுங்கள், உங்கள் எண் 25க்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்போம்.

மேடைமணி:
மீண்டும் 25. அந்தச் சராசரி 25.4 என்பதற்கு நேரான விடை தராதவரை நான் எந்த அறிக்கையும் வெளியிடப் போவதில்லை.

கர்லாக்கட்டை:
விடை மேலே இருக்கிறது. அந்த 20 பேர் ஊசி போட்டவர்களா, போடாதவர்களா என்று நீங்கள்தான் இன்னும் சொல்லவில்லை.

மருந்துக்கடை:
எத்தனை ஆண்டுகள் என்ற என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

மேடைமணி:
அதை விற்பவர்களிடம் கேளுங்கள். கர்லாக்கட்டை அவர்களே, 74 பேரை மட்டும் அளந்துவிட்டு உலகத்து ஆண்கள் எல்லோருக்கும் எல்லை போட முடியாது. 25.4ஐ விளக்குங்கள்.