புயல் மழைக்கு வீட்ல என்ன சாப்பாடு, எந்த அடுப்பு வெச்சுக்கறது? எங்ககிட்ட இண்டக்ஷன் மட்டும்தான் இருக்கு

மூணாவது_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கரணைல அபார்ட்மெண்ட், மூணாவது மாடி. நாங்க ரெண்டு பேர், மாமியார் (சுகருக்கு மாத்திரை போடறாங்க), பத்து மாசக் குழந்தை. கேஸ் கனெக்ஷன் எடுக்கவே இல்ல, குடி வந்த நாள்லேர்ந்து இண்டக்ஷன்லதான் சமையல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ நாங்க இங்க இல்ல, ஆனா கீழ் வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்ல, வீட்ல அரிசி இருந்துச்சு, பருப்பு இருந்துச்சு, ஆனா ஆக்கறதுக்கு வழியில்லாம பசங்களுக்கு பிஸ்கட்டையே தண்ணில தொட்டு குடுத்தாங்களாம். வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கறதுக்குள்ள நாலு நாளைக்குத் தாங்கற மாதிரி ஏற்பாடு பண்ணிடணும். என்ன அடுப்பு வாங்கலாம், என்ன சாமான் வெச்சுக்கலாம்? இன்வர்ட்டர்ல இண்டக்ஷன் ஓடுமா?

வேளச்சேரி_வாசி:
சிஸ்டர், இன்வர்ட்டரை மறந்துடுங்க. இண்டக்ஷன் 1500, 2000 வாட்ஸ் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டர் பெரும்பாலும் 800, 900 விஏதான், ஆன் பண்ண உடனே ட்ரிப் ஆகிடும். பேட்டரியை லைட்டுக்கும் ஃபோனுக்கும் வெச்சுக்கோங்க.

நான் 2015 வெள்ளத்துலயும் மாட்டினேன், மிக்ஜாம்லயும் மாட்டினேன். ரெண்டாவது தடவை தப்பிச்சதுக்குக் காரணம் 5 கிலோ சிலிண்டர். கேஸ் ஏஜென்சில ஐடி ப்ரூஃப் காட்டினா குடுப்பாங்க, சில பெட்ரோல் பங்க்லயும் கிடைக்கும். அதுக்கு சேர்ற ரெகுலேட்டர், ட்யூப், ஒத்தை பர்னர் அடுப்பு எல்லாத்தையும் வாங்கி இப்பவே ஒரு தடவை மாட்டிப் பாருங்க, இருட்டுல முதல் தடவையா மாட்டாதீங்க. சின்ன குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலயே வரும். கேஸ் காத்தை விட கனம், லீக் ஆனா தரையிலயே தங்கும், அதனால மூடின அலமாரிக்குள்ள வைக்காதீங்க.

கூடவே ஒரு தெர்மல் ரைஸ் குக்கர். அரிசியைப் போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு அப்படியே உள்ள வெச்சு மூடிட்டா முக்கால் மணி நேரத்துல சாதம் தானா வெந்துடும். ஊற வெச்ச துவரம்பருப்பு பிரஷர் குக்கர்ல சீக்கிரம் வெந்துடும். இப்படி மிச்சம் பிடிச்சதுல எங்க சிலிண்டர் மேல் வீட்டுக் குழந்தைக்கும் பால் காய்ச்ச உதவுச்சு.

வேதாரண்யம்_72:
தங்கச்சி, அடுப்பு ரெண்டாவது. முதல் நாள் அடுப்பே இல்லாம எப்படி சாப்பிடறதுன்னு யோசிம்மா. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்போ காலைல எழுந்து பார்த்தா எல்லாப் பக்கமும் தென்னை சாய்ஞ்சு கெடக்கு, ரோடு இல்ல, கொல்லை மண்ணடுப்பு கரைஞ்சு சேறா நிக்குது, வெறகு அத்தனையும் நனைஞ்சு போச்சு. அன்னைக்கு எங்க வீட்ல பதினோரு பேர் சாப்பிட்டது அவல்தான். அம்மா கெட்டி அவலை அரை மணி நேரம் ஊற வெச்சு, உப்பும் புளிக்காய்ச்சலும் போட்டு பிசைஞ்சு உருண்டையா கையில குடுத்தாங்க, அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு. மறுநாள் பரண்ல ஒரு சாக்கு கொட்டாங்கச்சி காஞ்சு கெடந்தது ஞாபகம் வந்து, மூணு செங்கல் வெச்சு அதுல கஞ்சி காய்ச்சினோம். கரண்ட் வர எங்க பக்கம் வாரக்கணக்குல ஆச்சு.

அதனால அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, நல்லெண்ணெய். இதெல்லாம் நீங்க தினமும் சாப்பிடறதாவே இருக்கட்டும், எடுக்க எடுக்க நிரப்பிட்டே வாங்க, இல்லன்னா பூச்சி வெச்சு தூக்கித்தான் போடணும்.

கேம்ப்_பையன்:
ஒரு சின்ன பார்பிக்யூ அடுப்பும் ஒரு மூட்டை கரியும் போதுமே, சமையல்கட்டுலயே வெச்சு சமைச்சுக்கலாம்.

வேளச்சேரி_வாசி:
தம்பி, தயவு செஞ்சு வேண்டாம். மழைக்கு ஜன்னலை சாத்திட்டு கரி எரிச்சா கார்பன் மோனாக்ஸைடு சேரும், வாசனையே இருக்காது, தலைவலி, மயக்கம், தூக்கத்துலயே உயிர் போயிடும். அந்த வீட்ல பத்து மாசக் குழந்தை இருக்கு. கரி அடுப்பு மொட்டை மாடில, திறந்த இடத்துல மட்டும்தான். கேஸ் அடுப்பு எரிஞ்சாலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கணும்.

தாமிரபரணிக்கரை:
யாருமே தண்ணியைப் பத்தி பேசல. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. கொட்டுச்சு, எங்க ஊரைச் சுத்தி எல்லாம் தண்ணி, குடிக்க மட்டும் சொட்டு இல்ல. உங்க சம்ப்ல வெள்ளம் இறங்கிட்டா சாக்கடையும் சேர்ந்துதான் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க சமைக்க நாலு லிட்டர்னு வெச்சா உங்களுக்கு நாலு நாளைக்கு நாலு 20 லிட்டர் கேனாவது வேணும். புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே குடம், பக்கெட், அண்டா எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருங்க.

மாமியார் மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா லோ சுகர் ஆகலாம், அவங்களுக்குன்னு தனி டப்பாவுல சுண்டல் கடலை, சிவப்பு அவல், கூடவே கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும், மாத்திரையும் பத்து நாளைக்கு கூடுதலா வாங்கிருங்க. குழந்தைக்கு ஃபீடிங் பாட்டில் வேண்டாம், கழுவ நிறைய தண்ணி வேணும், சரியா கழுவலன்னா வயித்துப்போக்கு. தாய்ப்பால் குடுக்கறீங்கன்னா அதை விடாதீங்க, மத்தது பாலாடைல இல்ல டம்ளர் ஸ்பூன்ல குடுங்க. வயித்துப்போக்கு வந்தா தண்ணில கரைச்சுக் குடுக்கற ஓஆர்எஸ் பொடி அஞ்சாறு பாக்கெட்.

மூணாவது_மாடி:
எல்லாருக்கும் மனசார நன்றி. 5 கிலோ சிலிண்டரும் தெர்மல் குக்கரும் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை மெயினை ஆஃப் பண்ணிட்டு காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் இதுலயே இருந்து பார்த்தோம். காலைல அவல், மதியம் சாதம் பருப்பு, ராத்திரி கஞ்சி. சமையலுக்கு ஒண்ணும் குறை இல்ல, ஆனா அரிசி களையவும் பாத்திரம் கழுவவும் மட்டுமே ரெண்டு பக்கெட் காலி. இப்ப அரிசி களைஞ்ச தண்ணியை வெச்சே முதல் கழுவல், தட்டுக்கு பதிலா வாழையிலைன்னு மாத்தியிருக்கோம், மந்தார இலையும் ஒரு கட்டு வாங்கி வெச்சாச்சு. அண்டா மட்டும்தான் பாக்கி, மாமியார் ஊர்லேர்ந்து வருது. கீழ் வீட்டு அக்காவுக்கும் சேர்த்து இன்னொரு சிலிண்டர் சொல்லியிருக்கேன்.